தங்கச்சி நின்றுகொண்டுதான் கேட்டாள்

மகன்,

நேற்று நீ போன் எடுத்துக் கேட்டபோது "ஓம் சுவாமி, சரி சுவாமி" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு இடியப்பத்துக்கு மா குழைக்கப் போனேன், கை ஓடவில்லை. விட்ட சுடுதண்ணி ஆறி, மா கட்டியாய்ப் போய்விட்டது. உன்னோடு போனில் கதைக்கும்போது எனக்கு வேறு சொல் வாயில் வருவதில்லை. நீ குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து அப்படித்தான். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறாள், பிழை இருந்தால் பார்த்து வாசி. இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். சுவாமிமாருக்கு எழுத எனக்குத் தெரியாது, பெற்ற பிள்ளைக்கு எழுதத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் கோயிலுக்கு வந்து பூசை வைக்கப் போகிறாய். கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றப் போகிறார்கள் என்று ஒரு கதை அடிபடுகிறதாம், அதனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சிறப்பு மன்றாட்டு என்று பங்குச் சுவாமி அறிவித்துவிட்டார். பிரசங்கம் உன்னுடையது. பூசை முடிகிற நேரம் தங்கச்சியின் பிள்ளை அபிஷாவைப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாய். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு மெழுகுதிரியும் கொடுத்து. "சனங்கள் அவளின்ர முகத்தைப் பார்த்தா தாங்களா விளங்கிக்கொள்ளுவினம் அம்மா, நான் நிறையச் சொல்லத் தேவையில்லை" என்றாய். மகன், நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். பூசைக்கு வருவோம், எப்பவும் இருக்கிற வரிசையில் வாங்கில் இருப்போம். பீடத்தடிக்கு வரமாட்டோம். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அவசரப்படாமல் வாசி.

உன் தங்கச்சி ஜெனிற்றா போய் எவ்வளவு காலம் என்று யாராவது கேட்டால் நான் அபிஷாவின் வயதைச் சொல்லுவேன். இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு இப்போது முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. சிரித்தால் ஜெனிற்றாவின் அந்த வயதுப் படம்தான். விடியப்புறம் இடியப்பம் அவிக்கும்போது எனக்கு இன்னும் பக்கத்தில் ஆள் இருக்கிற நினைப்பு. தட்டை நீட்டிவிடுவேன், வாங்க ஆளில்லை. குசினிக்குள் அவள் ஒரு பாட்டும் ஒழுங்காய்ப் பாடினதில்லை, கோயில் பாட்டுக்குள் சினிமாப் பாட்டு வந்துவிடும். துறைமுக வாசலில் நாங்கள் விற்கும்போது கிரேனில் வேலை செய்கிற ஒருவர் வருவாரே, சம்பல் கூடக் கேட்கிறவர், அவரைப் பார்த்து, "அண்ணை, நாங்கள் இடியப்பத்துக்குச் சம்பல் தாறமோ, சம்பலுக்கு இடியப்பம் தாறமோ?" என்று கேட்டு வரிசையில் நின்ற அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவள். அந்த மனிசன் இன்றைக்கும் வருகிறார். இப்போது சம்பல் கூடக் கேட்கிறதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறார். "எணை அம்மா" என்று இழுத்துக் கூப்பிடுகிற அந்தக் குரலை ஒருக்கால் கேட்டால் போதும் எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம், என்ன சொல்ல வந்தாள் என்றுகூடக் கேட்கமாட்டேன்.

அவளுடைய இருதயத்தின் கதை உனக்கு என்னைவிட வடிவாய்த் தெரியும். சின்னதில் வந்த வாதக் காய்ச்சல் இருதயத்தின் வால்வில் போய் இருந்துவிட்டது. மாதாமாதம் ஊசி. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வர நேரமாகும், நீதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவாய். வரும்போது அவள் கையில் ஐஸ்பழம், கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு. "அண்ணா எனக்கு நோகுது எண்டு சொன்னா, தனக்கும் நோகுது எண்டு சொல்லுறார் அம்மா, ஊசி எனக்குத்தானே போட்டது" என்று முறைப்பாடு வைப்பாள். உனக்கு நோகத்தான் செய்தது. ஊசி போடும்போது உன் கையைத்தானே அவள் நகத்தால் கிள்ளிக்கொண்டு இருப்பாள்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். நீ முதல் பூசை வைத்த அன்று எல்லாத் தாய்மாரும் செய்கிற மாதிரி நானும் உன் முன்னால் முழந்தாளில் இருந்து ஆசீர்வாதம் வாங்கினேன். உன் கையில் உதடு வைத்து முத்தி செய்தேன். அந்தக் கையில் பட்டத்துக்குப் பூசின எண்ணெய் வாசம் இருந்தது. என் வாழ்நாளில் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, அப்பா பார்க்க இல்லையே என்று மட்டும்தான் குறை. வீட்டுக்கு வந்தபோது ஜெனிற்றா, "அண்ணா, அந்தப் பெரிய மீன்துண்டு என்ர, கை வைச்சீங்களோ பாருங்கோ" என்றாள். நான் எல்லாருக்கும் முன்னால் அவளைப் பேசினேன். "இனி அண்ணா எண்ட கதை இல்லை. சுவாமி எண்டுதான் சொல்லோணும். சுவாமி இருந்து சாப்பிட்ட பிறகுதான் நாங்கள்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எணை அம்மா, நேற்று வரைக்கும் என்ர சோத்துக் கோப்பையில மீன் களவெடுத்த ஆளை இண்டைக்கு எப்பிடிச் சுவாமி எண்டுறது?" நீயும், "விடுங்கோ அம்மா, அவள் அண்ணா எண்டே கூப்பிடட்டும்" என்றாய். நான் விடவில்லை. எங்கள் ஆக்களின் வழக்கம் அது, ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கு. உனக்கென்று ஒரு கதிரை, ஒரு கோப்பை, ஒரு துவாய் எடுத்து வைத்தேன். நீ வருகிறாய் என்றால் வீட்டில் எல்லாரும் எழும்பி நிற்கப் பழகினோம். கொஞ்ச நாளில் அவளுக்கும் அது பழகிவிட்டது. நீ சாப்பிட்டு எழும்பின பிறகு, அந்தப் பெரிய மீன்துண்டு கோப்பையில் அப்படியே கிடக்கும். நீ அவளுக்கென்று விட்டிருப்பாய். சுவாமி விட்டது என்று அவள் எடுக்கமாட்டாள்.

கலியாணத்துக்கு முன்னமே டொக்டர் சொல்லித்தான் விட்டார், வால்வுக்கு ஒப்பரேஷன் செய்யும் மட்டும் பிள்ளை தங்கக்கூடாது என்று. ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்துக் காத்துக்கொண்டிருக்கும்போதே தங்கிவிட்டது. கிளினிக்கில் இருந்த அந்தச் சிங்கள டொக்டர் அம்மாவை எனக்கு மறக்க ஏலாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அரைகுறைத் தமிழில் சொன்னா. "அம்மா, இந்தப் பிள்ளைட இருதயம் ரெண்டு பேருக்கு அடிக்காது. தாய்ட உயிருக்காக எண்டா சட்டத்தில இடம் இருக்கு. நானும் பன்சலைக்குப் போய்ப் புத்தரைக் கும்பிடுற ஆள். உயிர் எடுக்கிறது எனக்கும் பாவம். ஆனா சும்மா பாத்துக்கொண்டு இருந்து ரெண்டு பேரும் போனா அது என்ன? நல்லா யோசிச்சு வாங்க. சுணங்க வேணாம்." ஜெனிற்றா கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "அம்மா, பசிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மருமகன், "மாமி, நீங்கள் சொல்லுறதை நான் செய்யிறன்" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் பக்கத்தில் தயிர்ச்சட்டி வைத்து விற்கிற, கிண்ணியாவில் இருந்து வருகிற ஜெஸீமாவிடம்தான் முதலில் சொன்னேன். அவ உடனே சொன்னா, "இஞ்ச பாருங்க, எங்கட மௌலவிமார் சொல்ற, நாலு மாசத்துலதான் உசுர ஊதுற எண்டு. அதுக்கு முந்தியெண்டா தாய்ட உசுருக்காகச் செய்யலாமெண்டு சொல்றவங்களும் இரிக்காங்க, கூடாதெண்டு சொல்றவங்களும் இரிக்காங்க. தாய் போயிருவா எண்டு டொக்டர் சொன்னா தாயத்தான் பாக்கோணும்." பிறகு சட்டியின் மேல் கிடந்த துணியை இழுத்து மூடிக்கொண்டு, "இப்பிடிச் சொல்லிட்டன். ஆனா என்ட மகளுக்கெண்டு வந்தா எனக்கு நாக்கு எழும்புமோ தெரியா" என்றா. லிங்கநகரில் எங்கள் மதில் பக்கத்து வீட்டுத் தவமணி அக்காவிடமும் சொன்னேன். அவ கோயில் குளம் தவறாத ஆள், பாவம் என்றுதான் சொல்லுவா என்று நினைத்தேன். அவ கதவைச் சாத்திவிட்டு வந்து, இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் தானும் ஒன்றை அழித்ததாகச் சொன்னா. "மூண்டைக் கையில வைச்சுக்கொண்டு சோத்துக்கு வரிசையில நிண்டனான். நாலாவதை என்னண்டு? பாவமெண்டு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பிள்ளையார் கோயிலில சின்னனுகளுக்குப் பொங்கிக் குடுக்கிறன், ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மூண்டும் இண்டைக்கு உயிரோட நிக்குதுகள். சாமி ரெண்டையும் சேர்த்துப் பாப்பார் எண்டு நினைக்கிறன்." நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இத்தனை வருஷம் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

பிறகு எங்களுடைய ஆளிடம் கேட்போம் என்று சொன்னது நான்தான். எங்களுக்கென்று ஒரு சுவாமி வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆரிடம் கேட்பது? போனைச் சத்தமாய்க் கேட்கிற மாதிரி அமத்தி மேசையில் வைத்தேன். நீ "ஹலோ" என்றதும் ஜெனிற்றா எழும்பினாள். அப்போதே அவளுக்குக் கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது உனக்குத் தெரியாது மகன், அது படம் தெரியாத பழைய போன். உன் தங்கச்சி நின்றுகொண்டுதான் கேட்டாள். "சுவாமி, டொக்டர் இப்பிடிச் சொல்லுறா. திருச்சபை என்ன சொல்லுது?" என்று கேட்டாள். வேதம் படிப்பிக்கிற ரீச்சரிடம் கேட்கிற மாதிரி.  நீ சொன்னாய். இரண்டு உயிரும் ஆண்டவருடையது, ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை நாங்களாய் எடுக்க ஏலாது, மருந்தால் என்னென்ன செய்யலாமோ எல்லாம் செய்யச் சொல்லுங்கோ, நான் ஒவ்வொரு நாளும் பூசையில் ஒப்புக்கொடுப்பன் என்று. நீ பிழையாய்ச் சொன்னாய் என்று நான் சொல்ல வரவில்லை. படித்ததைச் சொன்னாய், நம்புகிறதைச் சொன்னாய். கேட்ட கேள்விக்கு அதுதான் மறுமொழி. உன் குரல் ஒரு இடத்தில் உடைந்ததும் எனக்குக் கேட்டது. "சரி சுவாமி, நன்றி சுவாமி" என்று அவள் சொன்னாள். போனை அமத்திவிட்டுத்தான் கதிரையில் இருந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "சுவாமி என்ன சொல்லுவாரெண்டு எனக்கு முதலே தெரியும் அம்மா. அண்ணா என்ன சொல்லுவாரெண்டுதான் தெரியேல்ல."

மகன், இதை நான் உனக்கு இதுவரைக்கும் சொல்லவில்லை. உன்னை நோகடிக்க எழுதவில்லை. அவளுக்கும் உனக்கும் நடுவில் அந்தக் கதிரையையும் கோப்பையையும் வைத்தது நான். அவள் "அண்ணா, எனக்குப் பயமாயிருக்கு" என்று அழுதிருந்தால் நீ அதே மறுமொழியைத்தான் சொல்லியிருப்பாயோ, வேறு சொல்லியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. அதே மறுமொழியாய் இருந்தாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருப்பாய். பக்கத்தில் இருந்து கையைக் கொடுத்திருப்பாய், கிள்ள. அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

போன திருநாளில் பிரசங்கத்தில் நீ சொன்னாய், "ஒரு தாய் தன் பிள்ளைக்காக மனமுவந்து உயிரைக் கொடுத்தாள்" என்று. அப்படி நடக்கவில்லை. மனமுவந்து கொடுத்தேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. டொக்டரிடம் மறுபடி போகவில்லையா என்று நான் கேட்டபோது, "பாப்பம் அம்மா" என்றாள். அடுத்த கிழமையும் "பாப்பம்". அப்படிப் பார்த்துப் பார்த்து நாள் கடந்துவிட்டது. அவளுக்குச் சாக விருப்பமில்லை. மருமகனோடு மன்னார்ப் பக்கம் மருதமடு மாதா கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்றாள். தலைமயிரைக் குறைத்து வெட்ட வேண்டும் என்றாள். அலுமாரிக்குள் தைக்கக் கொடுக்காத சட்டைத்துணி ஒன்று கிடந்தது, அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அதே ஆள்தான் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அடி கள்ளி, கொஞ்சம் தள்ளிப் படு, கொம்மாவுக்கு மூச்சு விட இடம் வேணும்" என்று கதைத்துக்கொண்டு இருப்பாள். பொம்பிளைப் பிள்ளைதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். படுக்க ஏலாமல், சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, பிள்ளைக்குப் பெயர் சொல்லிப் பார்ப்பாள். ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டுப் பார்த்து, "இது தூரத்தில நிண்டா கேக்காது" என்று தள்ளிவிடுவாள். அபிஷா என்பது தூரத்துக்குக் கேட்கும் என்று அவள் தேர்ந்த பெயர். பயமும் அவளுக்கு இருந்தது, ஆசையும் இருந்தது. நீ ஒன்றை எடுத்துக்கொண்டாய், மற்றதை விட்டுவிட்டாய்.

நெஞ்சுக்குள் தண்ணி கட்டி, ஆஸ்பத்திரியில் அவசரமாய் வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். ஒரு கையில் அடங்கின பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஜெனிற்றாவுக்கு அதைக் காட்டினார்களோ இல்லையோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நேர்ஸ் காட்டினது என்றா, மற்றவ இல்லை என்றா. காட்டினார்கள் என்றுதான் நான் நம்பிக்கொண்டு இருக்கிறேன். அடக்கப் பூசை நீதான் வைத்தாய். தீர்த்தம் தெளிக்கும்போது நீ சவப்பெட்டியின் ஒரே பக்கத்தில் இரண்டு தரம் தெளித்ததை நான் கண்டேன். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், மருமகனைக் கட்டிப்பிடித்தார்கள். உனக்கும் தங்கச்சி போய்விட்டாள் என்று ஒருத்தரும் உன்னைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. பூசை உடுப்போடு நிற்கிற சுவாமியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். நீ அவளைப் பிரசங்கத்தில் வைக்கிறது, அவள் வீணாய்ப் போகவில்லை என்று உனக்கு நீயே சொல்லத்தான் என்று எனக்கு விளங்குகிறது. நானும் ஒரு காலம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும்.

ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள், நீங்கள் எந்தப் பக்கம் என்று. சட்டம் பற்றிக் கையெழுத்து வாங்க வந்த பிள்ளைகளும் கேட்டார்கள். அபிஷா மடியில் வந்து இருக்கும்போது, இவள் இல்லாமல் ஒரு உலகம் இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு ஏலாது. தட்டை நீட்டி வாங்க ஆளில்லாத நேரம், அந்த டொக்டர் அம்மாவின் பேச்சைக் கேட்டிருந்தால் என்று நினைப்பேன். நான் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தவள். ஒரு பக்கத்தில் போய் நிற்க என் கால் வராது. செபமாலை சொல்லும்போது மட்டும் ஒன்று மனதில் வரும். கபிரியேல் சம்மனசு வானத்திலிருந்து மாதாவிடம் வந்தபோது, பிள்ளை தங்கப்போகிற சேதியைச் சொல்லிவிட்டு உடனே போய்விடவில்லை. அவவுக்குப் பயம் வந்தது, கேள்வி கேட்டா, அதற்கும் மறுமொழி சொல்லி, அவ ஓம் என்று சொல்லும் மட்டும் நின்றது. ஆண்டவருடைய சம்மனசே ஒரு பொம்பிளைப் பிள்ளையிடம் கேட்டுக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. என் பிள்ளையிடம் அப்படி ஒருத்தரும் கேட்கவில்லை. உனக்கு என்ன வேணும் பிள்ளை என்று நானும் கேட்கவில்லை. சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ திருச்சபை சொல்லுகிறதைச் சொல்லு, அது உன் வேலை. சொல்லும்போது வாங்கில் இருக்கிற பெண்டுகளையும் ஒருக்கால் பார். போன திருநாளில் நீ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பிள்ளை எழும்பித் தலையில் முக்காட்டோடு வெளியே போனாள். நீ கண்டிருக்கமாட்டாய். அபிஷாவுக்குத் தண்ணி எடுக்கப் போன நான் அவளைக் குழாயடியில் கண்டேன். குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அழுதுகொண்டு நின்றாள்.  என் சீலைத்தலைப்பைக் கொடுத்தேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் உன்னிடம் ஒரு சொல் இருக்க வேண்டும் மகன்.

அந்தத் திருநாளில் நீ எங்கள் வாங்கைப் பார்த்துக் கையை நீட்டினதும் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூசை முடிய ஆட்கள் வந்து அபிஷாவின் தலையைத் தடவினார்கள். ஒரு மனுசி அவள் கையை முத்தி செய்தா, அவளுக்கு வெட்கம் வந்து என் சீலைக்குள் ஒளித்தாள். அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை அவளிடம், "உன்னைப் பெறத்தானே உங்கட அம்மா செத்தவ" என்று சொல்லியிருக்கிறது. அது கெட்ட பிள்ளை இல்லை, வீட்டில் கேட்டதைச் சொன்னது. அபிஷா அதை எனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் சாப்பாட்டில் கூடக் கேட்பதை விட்டுவிட்டாள். புதுச் சட்டை எடுத்தால், "இது காணும் அம்மம்மா, எனக்கு வேணாம்" என்றாள். நான் வளருகிறாள், புத்தி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன், பார்.

ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம். மழை விட்ட நேரம். கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றுக்கு அணையாமல் இருக்க அபிஷா இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் அப்பாவின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மெல்லமாய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. "சொரி அம்மா." ஒருக்கால்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பென்சிலை உடைத்துவிட்டுச் சொல்லுகிற அதே குரல். என் கையில் புல் அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது கடற்கரை வீதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் கேட்டாள். "அம்மம்மா, என்னாலதானே அம்மா செத்தவ?" நான் நின்றேன். "இல்லை பிள்ளை. அம்மாவுக்கு இருதயத்தில வருத்தம். நீ பிறக்கிறதுக்குக் கன காலத்துக்கு முன்னமே வந்த வருத்தம். உன்னால இல்லை" என்றேன். அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அப்ப சுவாமி மாமா கோயிலில பொய்யோ சொன்னவர்?"

 ஓம் என்றால் அவள் உன்னை இழக்கிறாள் மகன், இல்லை என்றால் தன்னை இழக்கிறாள். "மாமாட்டையே கேள்" என்று சொல்லிவிட்டேன். "எப்ப வருவார்?" என்றாள். "கெதியா வருவார்" என்றேன். அதிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், சனிக்கிழமை வா. அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பூசை உடுப்பும் புத்தகமும் பங்குமனையில் இருக்கட்டும். மழை விட்டிருந்தால் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ, மழையென்றால் வீட்டிலேயே இருங்கள். அவள் உடனே கேட்கமாட்டாள், உன்னைச் சுற்றிச் சுற்றி வருவாள், பல் விழுந்ததைக் காட்டுவாள், கொஞ்சம் பொறு. கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித் தரமாட்டேன். நான் குசினிக்குள் நிற்பேன், நீங்கள் கதைத்து முடியும் மட்டும் வெளியே வரமாட்டேன்.

உன்னைப் பெற்ற
அம்மா